உருட்டியதும் வெடிக்கும் காட்சித் திரை

வணக்கம். மன்னார்குடி அருகே பள்ளி நாடகத்துக்காகக் காடாத் துணியில் நீங்கள் வரைந்த கோபுரத் திரை, உருட்டி வைத்துப் பிரித்ததும் வரிவரியாக வெடித்து உதிர்ந்ததாக எழுதியிருந்தீர்கள். எத்தனை நாள் உழைப்பு என்று அறிவேன். படித்ததும் மனம் வருந்தியது.

காய்ந்த வண்ணம் விரலில் ஒட்டினால் அதில் கலந்த பசை குறைவு. துணியை வளைக்கும்போது வெடித்தால் பசை மிகுதி அல்லது பூச்சு தடிமன். உங்கள் திரையின் வண்ணத்தில் வச்சிரம் (விலங்குத் தோல், எலும்பிலிருந்து காய்ச்சும் பசை) மிகுந்திருக்க வேண்டும். உதிரும் பகுதிகளை மட்டும் சுரண்டி, நீர்த்த வண்ணத்தால் மெல்லியதாகத் திருத்துங்கள்.

அடுத்த திரைக்குத் துணியைக் கஞ்சி போக அலசி, மரச்சட்டத்தில் இழுத்துக் கட்டி, நீர்க்கக் காய்ச்சி வடிகட்டிய புளியங்கொட்டைப் பசையை ஒரே முறை பூசி, முழுவதும் உலர்ந்த பிறகே வண்ணத்தை மெல்லிய பூச்சுகளாக ஏற்றுங்கள். நம் டெல்டாவின் ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் இப்பசை பூஞ்சை பிடிக்கும் என்பதால் சிறிது மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலக்கலாம். ஆனால் அது நச்சு, பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது. திரையை மடிக்காமல், வண்ணப் பக்கம் வெளியே இருக்குமாறு பருத்த மூங்கிலில் உருட்டி வையுங்கள்.

மாணவர்கள் ஆட்டும் பொம்மைகள் பாரமாக இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். கும்பகோணம் வட்டாரப் பொம்மலாட்டத்தில் எடை குறைந்த கல்யாண முருங்கை மரத்தையே செதுக்குகிறார்கள். ஆட்டுபவரின் தலை வளையத்திலிருந்து இறங்கும் கயிறுகள் பாரத்தைத் தாங்க, கம்பிகள் பொம்மையின் கைகளை இயக்குகின்றன. மாணவர்களுக்கு அந்த மரமே ஏற்றது.