ஸ்போர்ட்ஸ் கார்டு, அதாவது விளையாட்டு வீரர் படம் அச்சிட்ட சேகரிப்பு அட்டை; அதன் கண்காட்சி முன்புபோல் இல்லை என்கிறார்களே, என்ன மாறியது? மதுரையிலிருந்து போகிறவர் எதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்?

விலை மேஜையை விட்டுப் போனுக்குள் போய்விட்டது. முக்கியமான மாற்றம் அதுதான், மற்றதெல்லாம் அதன் பின்னால் வந்தவை. விலை விசாரிக்கக் கண்காட்சிக்குப் போவது இனி வீண் அலைச்சல். கார்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்து, லென்ஸ் வைத்துப் பார்க்கத்தான் போக வேண்டும். போனை வைத்துச் செய்ய முடியாத வேலை அது ஒன்றே.

இந்தப் பழக்கம் வளர்ந்த அமெரிக்காவில் தேசிய அளவிலான கண்காட்சி 1980-ல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கியது. அப்போது போகிறவர் கையில் ஒரு பட்டியல் இருக்கும்: வரிசையாக எண் போட்டு வெளியான கார்டுத் தொகுப்பில், அதாவது செட்டில், எந்த எண்கள் குறைகின்றன என்று. மேஜை மேஜையாகப் பெட்டிகளைத் துழாவி அந்த எண்ணை எடுப்பதுதான் நாள் முழுக்க வேலை. 1984-ல் பெக்கெட் விலைப் பட்டியல் மாத இதழாக வந்தது. வாங்குகிறவரும் விற்கிறவரும் அதே இதழை நீட்டிப் பேரம் பேசினார்கள். 1980-களின் பிற்பகுதியிலிருந்து 90-களின் தொடக்கம் வரை கம்பெனிகள் அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளின. அந்தக் காலத்து கார்டுகளில் பெரும்பாலானவற்றுக்கு இன்றும் விலை இல்லை. 1991-ல் பிஎஸ்ஏ என்ற மதிப்பீட்டு நிறுவனம் வந்து, கார்டுக்கு 1 முதல் 10 வரை மதிப்பெண் போட்டு, மூடிய பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தர ஆரம்பித்தது. அந்த உறைதான் ஸ்லாப். ஒரே கார்டுக்கு 8 மதிப்பெண்ணில் ஒரு விலை, 10-ல் பல மடங்கு விலை என்று ஆனது அதற்குப் பிறகுதான்.

2020 பெருந்தொற்றில் வீட்டில் அடைந்து கிடந்தவர்கள் பழைய பெட்டிகளைத் திறந்தார்கள். 2021 மே மாதம், கார்டுக்காகக் கடை வாசலில் அடிதடி நடந்த பிறகு, அமெரிக்காவின் டார்கெட் கடைகள் கொஞ்ச காலம் கார்டு விற்பதையே நிறுத்தி வைத்தன. 2022 ஆகஸ்டில் டாப்ஸ் கம்பெனி 1952-ல் போட்ட, பேஸ்பால் வீரர் மிக்கி மேன்டிலின் கார்டு ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. இந்த அலையில் கண்காட்சி மேஜைகளில் துழாவுகிற பெட்டிகள் குறைந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கிய ஸ்லாப்கள் பெருகிவிட்டன. ஒரு மேஜையில் இணைய நேரலை ஓடும், பக்கத்து மேஜையில் பதினாறு வயதுப் பையன் ப்ரீஃப்கேஸைத் திறந்து வைத்துப் பெரியவர்களிடம் சந்தை விலையில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவான்.

நம் ஊர்க் கதை வேறு. இங்கே கார்டு என்றால் பிக் ஃபன் பபிள்கம்மோடு வந்த, ரன் எண்ணிக்கை போட்ட அட்டை, கடையில் வாங்கிய டிரம்ப் கார்டு, 1999 உலகக் கோப்பைக்கு பிரிட்டானியா பிஸ்கட் உறையில் வந்த ரன், பிறகு டாப்ஸ் கம்பெனியின் கிரிக்கெட் அட்டாக்ஸ் ஐபிஎல் கார்டுகள். சேர்த்ததெல்லாம் பள்ளிக்கூடத்தில், மாற்றியதெல்லாம் தெருவில். மதுரைப் பக்கம் கார்டு தேடுகிறவர் போவது பெரும்பாலும் நாணயம், தபால்தலைக் கண்காட்சிக்குத்தான். மீன் சின்னம் போட்ட பாண்டியர் காசு, 786-ல் முடியும் ரூபாய் நோட்டு, சிவகாசித் தீப்பெட்டி லேபிள், இதற்கெல்லாம் நடுவே ஏதாவது மேஜைக்கு அடியில் ஒரு ஷூ டப்பா நிறைய கார்டு இருக்கும். கேட்டால்தான் எடுப்பார்கள். ஸ்லாப் கார்டு வேண்டுமென்றால் வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் குழுக்களில் பேசி வைத்து, சென்னை, பெங்களூரு என்று போக வேண்டியிருக்கும்.

பரணில் கிடக்கும் டபிள்யூடபிள்யூஎஃப் மல்யுத்த டிரம்ப் கார்டு பற்றி நிறையப் பேர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உயரம், எடை, செஸ்ட், பைசெப்ஸ், ரேங்க் என்று போட்ட அந்த கார்டுகள் விளையாட அச்சடித்தவை. பலவற்றில் வருடமோ அச்சிட்டவர் பெயரோ இருக்காது, எத்தனை அச்சிட்டார்கள் என்பதற்கும் கணக்கு இல்லை. ஒற்றை கார்டாக அண்டர்டேக்கரே இருந்தாலும் பெரிய விலை கிடையாது. முழு செட், டப்பா, விதிமுறை கார்டு மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் பேசலாம். 1990-களில் ஆஸ்திரேலியாவின் ஃபியூட்டெரா கம்பெனி போட்ட கிரிக்கெட் கார்டுகள் வேறு ரகம். அவற்றில் டெண்டுல்கர் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

கிளம்புவதற்கு முன் விலையைத் தேடும்போது கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும் வடிகட்டி உண்டு. அதே வருடம், அதே கார்டு எண், அதே மதிப்பெண் உள்ள கடைசி ஐந்து விற்பனையை எடுத்து, மிக அதிகமான ஒன்றைத் தள்ளிவிட்டு மீதியின் சராசரியை எழுதிக்கொள்ளுங்கள். ஆறு மாதத்துக்கு முந்தைய விற்பனை இன்றைய விலை ஆகாது. நன்றாக ஆடும் இளம் வீரர் காயம்பட்டால் ஒரே வாரத்தில் விலை சரியும். பார்த்ததை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். மண்டபத்தின் அடித்தளத்தில் சிக்னல் கிடைக்காமல் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினால், திரும்பி வருவதற்குள் கார்டு வேறு கைக்குப் போயிருக்கும். விற்கப் போகிறவர் இன்னொன்றும் நினைவில் வைக்க வேண்டும்: வியாபாரி அந்தச் சராசரி விலையைத் தர மாட்டார். 60 முதல் 75 சதவீதம்தான் பேச்சு. மேஜை வாடகை, பயணம், மாதக்கணக்கில் விற்காமல் கிடக்கும் பணம் எல்லாம் அந்த இடைவெளியில்தான் அடங்குகிறது. அதை ஏமாற்று என்று சண்டை போடுவதில் பயனில்லை.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: பென்னி ஸ்லீவ் என்ற மெல்லிய பிளாஸ்டிக் உறை 50, டாப்லோடர் என்ற கெட்டியான உறை 20, 15 செ.மீ. எஃகு ஸ்கேல், 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், சின்ன டார்ச், மாஸ்கிங் டேப். நகைப் பட்டறைச் சாமான் விற்கும் கடையில் கல் பார்க்கிற லென்ஸ் கேட்டால் தருவார்கள், அதுவே போதும். டாப்லோடர் வாங்கும்போது தடிமன் பாருங்கள். 1 பாயின்ட் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. சாதாரண கார்டுக்கு 35 பாயின்ட். ஜெர்ஸித் துணி பதித்த கார்டு 130 பாயின்ட் வரை போகும். அதை 35-க்குள் திணித்தால் மூலை நசுங்கும். ஸ்லீவ் போடாமல் நேராக டாப்லோடரில் செருகினால் மேற்பரப்பில் கீறல் விழும். செலோ டேப் மட்டும் வேண்டாம், வெயிலில் பசை இளகி கார்டு வரை இறங்கிவிடும்.

இனி பார்க்கிற வேலை. வியாபாரியிடம் கேட்டுவிட்டு எடுங்கள், ஓரத்தைப் பிடியுங்கள், முகத்தில் விரல் படக்கூடாது. முதலில் நான்கு மூலை. லென்ஸில் பார்த்தால் வெள்ளையாக நார் தெரிகிற மூலை அடிபட்ட மூலை. கரும் பின்னணி உள்ள கார்டில் இது பளிச்சென்று தெரியும். அடுத்து மேற்பரப்பு. டார்ச்சை மேலிருந்து அடிக்காமல், மேஜையோடு மேஜையாகக் கிடைமட்டமாகப் பிடித்து கார்டை மெல்லச் சாய்த்தால் கீறல், பள்ளம், அச்சுக் கோடு எல்லாம் எழுந்து நிற்கும். பளபளக்கும் பூச்சுள்ள ஃபாயில் கார்டில் நேர் வெளிச்சத்தில் இவை கண்ணுக்கே படாது. மண்டபத்து டியூப்லைட்டை நம்பி வாங்கியவர்கள் வீட்டுக்குப் போய் வருந்துவது இதற்காகத்தான்.

பிறகு சென்டரிங், அதாவது படம் கார்டின் நடுவில் சரியாக அமைந்திருக்கிறதா என்பது. இடது ஓரம் 3 மி.மீ., வலது ஓரம் 2 மி.மீ. என்றால் மொத்தம் 5. ஆக 60-க்கு 40. மேல், கீழ் ஓரங்களையும் இப்படியே கணக்கிட வேண்டும். முழு 10 மதிப்பெண்ணுக்கு முன்பக்கம் சுமார் 55-க்கு 45 அளவில் இருந்தால்தான் ஆசைப்படலாம்.

வெட்டிச் சரிசெய்த கார்டு ஒரு பெரிய தொல்லை. தேய்ந்த ஓரத்தைக் கத்தியால் சீவிப் புதிதுபோல் காட்டுவார்கள். இன்றைய கார்டின் அளவு 63.5-க்கு 88.9 மி.மீ. டாப்ஸ் இந்த அளவுக்கு வந்தது 1957-ல், அதற்கு முந்தைய சில வருட டாப்ஸ் கார்டுகள் பெரியவை என்பதால் அளவு பொருந்தவில்லையென்று அவசரப்பட்டு முடிவு கட்டாதீர்கள். ஆலையில் வெட்டும்போதே கொஞ்சம் கூடக் குறைய வரும். அதனால் ஸ்கேலைவிட நல்ல வழி, அதே செட்டின் மலிவான நான்கைந்து கார்டுகளோடு சேர்த்து நிறுத்திப் பார்ப்பது. ஒரு பக்கம் மட்டும் உள்வாங்கி, அந்த ஓரம் மற்ற மூன்றைவிட வெளுப்பாக, கூர்மையாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

மறுஅச்சைக் கண்டுபிடிப்பது இதைவிட எளிது. அசல் கார்டில் படம் புள்ளிகளால் ஆனது, கறுப்பு எழுத்தும் மெல்லிய ஓரக் கோடும் பெரும்பாலும் திட மையில் அச்சானவை. ஸ்கேன் செய்து அடித்த போலியில் எழுத்தும் புள்ளிகளாக உடைந்திருக்கும், லென்ஸில் ஒரு பார்வை போதும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சிகரெட் கார்டு என்று யாராவது நீட்டினால் (வில்ஸ் கம்பெனி 1896-லேயே கிரிக்கெட் வீரர்கள் செட் போட்டது) புற ஊதா டார்ச் அடித்துப் பாருங்கள். காகிதத்தை வெண்மையாக்கும் ஒளிரும் ரசாயனம் பொதுப் புழக்கத்துக்கு வந்தது போருக்குப் பிறகுதான். நீலமாக ஒளிர்ந்தால் அது தாத்தா காலத்துக் காகிதம் அல்ல. ஒளிரவில்லை என்பதால் அசல் என்றும் ஆகிவிடாது. பழைய தாளில் புதிதாக அடிப்பவர்களும் உண்டு.

ஸ்லாப்பில் இருந்தால் பயமில்லை என்று நினைப்பது தவறு. லேபிளில் உள்ள எண்ணை மதிப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் போட்டால் விவரம் வரும்தான். ஆனால் போலி செய்பவர் உண்மையான ஓர் எண்ணைத்தான் நகல் எடுப்பார். எண் சரியாக இருப்பதோடு நிற்காமல், தளத்தில் படம் இருந்தால் சென்டரிங், அச்சுப் புள்ளி வரை அதே கார்டுதானா என்று ஒப்பிடுங்கள். உறையின் ஓரத்தில் வெண்மையாகப் பனி படர்ந்த தடம் இருந்தால் யாரோ திறந்து மூடியிருக்கலாம்.

மதுரையிலிருந்து வெளிநாட்டுக்கு அனுப்பி மதிப்பெண் வாங்குவது லாபமா? மதிப்பீட்டுக் கட்டணம், போகவர அஞ்சல், காப்பீடு, திரும்பி வரும்போது விதிக்கக்கூடிய சுங்கவரி எல்லாவற்றையும் கூட்டுங்கள். அந்த கார்டு 9 வாங்கினால் கிடைக்கும் விலை இந்தக் கூட்டுத்தொகையையும் கார்டின் இன்றைய விலையையும் தாண்டினால் அனுப்பலாம். 10 வரும் என்று வைத்துக் கணக்குப் போட்டு நட்டப்பட்டவர்கள்தான் அதிகம்.

பேரத்தில் பழைய நாசூக்கு இன்னும் செல்லும். எடுத்த எடுப்பில் போனை முகத்துக்கு நேரே நீட்டினால் வியாபாரி இறுகிவிடுவார். நான்கைந்து கார்டைச் சேர்த்து வைத்து, "அண்ணே, மொத்தமா எடுத்துக்கிறேன், முடிச்சுச் சொல்லுங்க" என்றால் அவரே இறங்கி வருவார். அரிய சரக்கு வேண்டுமென்றால் முதல் மணி நேரம், விலை குறைய வேண்டுமென்றால் கடைசி நாள் மாலை. வெளியூர் வியாபாரி ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸைப் பிடிக்கப் பெட்டி கட்டுகிற நேரத்தில், கனமான ஷூ டப்பாவைத் திரும்பத் தூக்கிப் போக அவருக்கு மனசிருக்காது. பெரிய தொகை என்றால் ஒன்று கவனியுங்கள்: யுபிஐ வரம்பு பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம். கொஞ்சம் ரொக்கமும் இருக்கட்டும்.

ஊர்ச் சூழலுக்கு வருவோம். சித்திரை வெயிலில் பைக் டேங்க் கவரில் வைத்த கார்டு வளையும், நிறுத்திய காரின் டேஷ்போர்டில் வைத்ததும் அப்படியே. ஃபாயில் கார்டில் ஒரு பக்கம் காகிதம், மறுபக்கம் பூச்சு. காகிதப் பக்கம் மட்டும் ஈரத்தை வாங்கி விரிவதால் கார்டு வில்லாக வளைகிறது. ஐப்பசி மழையில் ஒரு பக்கம் வளைந்தது, பங்குனி வறட்சியில் எதிர்ப்பக்கம் வளையும். காற்றுப் புகாத டப்பாவில் 5 கிராம் சிலிகா ஜெல் ஒன்று போதும், அள்ளிப் போட்டால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிடும். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் டப்பாவைத் திறக்காமல் அரை மணி நேரம் விடுங்கள், இல்லையென்றால் குளிர்ந்த கார்டில் ஈரம் பூக்கும். ஜிகர்தண்டா டம்ளரை மேஜைப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். அதன் அடியில் வழியும் நீர் ஒரு செட்டையே ஒட்ட வைத்துவிடும்.

ஆல்பம் வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். புது மழைக்கோட்டு வாசம் அடித்தால் அது பிவிசி, வருடப்போக்கில் அச்சு மையை இழுத்து ஒட்டிக்கொள்ளும். பாலிப்ரொப்பிலீன் பக்கம் கேட்டு வாங்குங்கள். பாச்சா உருண்டை போடாதீர்கள், அதன் ஆவியில் சில பிளாஸ்டிக் உறைகள் இளகும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்தால் டப்பாவைத் தரையில் வைக்காமல், சுவரை ஒட்டாமல், மேல் தட்டில் வையுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிக கார்டுகளை நம் ஊரில் கொன்றது லேமினேஷன். ரேஷன் கார்டோடு சேர்த்து கிரிக்கெட் கார்டையும் பாசத்தோடு லேமினேட் செய்து வைத்திருப்பார்கள். அதைப் பிரித்தால் மேற்பரப்பு உரிந்து வரும், பிரிக்காவிட்டால் எந்த வியாபாரியும் தொட மாட்டார். ரப்பர் பேண்ட் ஓரத்தில் பள்ளம் போடும், பால்பாயின்ட் பேனாவில் எழுதிய பெயர் மறுபக்கம் வரை அழுந்தியிருக்கும். இப்படிப்பட்டவற்றை விற்கக் கொண்டுபோக வேண்டாம், வீட்டில் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுங்கள்.

வாங்கியவுடன் கார்டின் இரண்டு பக்கத்தையும், வியாபாரியின் விசிட்டிங் கார்டை அருகில் வைத்து, தனித்தனியாகப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதியும் கொடுத்த தொகையும் பில்லில் வரட்டும். பில் தர மறுக்கிற மேஜையில் சில்லறை கார்டுகளுக்கு மேல் எதையும் வாங்காதீர்கள்.