இஞ்சி சரி, முடி?

கேள்வி: செம்பட்டை முடிக்காரரை ஆங்கிலேயர் ‘ஜிஞ்சர்’ என்கிறார்கள். அது நம் ‘இஞ்சி வேர்’தானே? வெள்ளைக்காரன் தலைமுடிக்கே பெயர் வைத்தவன் தமிழன் என்பதை நீங்கள் ஏன் உரக்கச் சொல்வதில்லை? (ஜிஞ்சர் டீ குடித்துக்கொண்டே எழுதுகிறேன்.)
– ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: பாதி சரி. மீதிப் பாதியில் இஞ்சியைவிடச் சேவலுக்குத்தான் வேலை அதிகம்.

சொல் திராவிடத்திலிருந்து கிளம்பியது என்பதை மொழியியலார் பலரும் ஏற்கிறார்கள். ஆனால் நீங்கள் நினைப்பதுபோல நேரே கப்பலேறிப் போகவில்லை. ‘இஞ்சி’க்கு முன்னால் ஒரு காலத்தில் சகரம் இருந்தது, தமிழில் அது உதிர்ந்துவிட்டது. மத்திய இந்தியாவின் திராவிட மொழியான கோண்டியில் ‘சாருங்’ என்னும் எண் நம்மிடம் ‘ஆறு’ என்று நிற்கிறதே, அதுபோல. அந்தச் சகரத்தோடு வடக்கே போன வடிவம்தான் பாலி மொழியில் ‘சிங்கிவேர’. அங்கிருந்து கிரேக்கத்தில் ‘ஜிங்கிபெரிஸ்’, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்கு. ஆக, கிரேக்கன் வாங்கியது வடக்கே கைமாறிய சரக்கு. சமஸ்கிருதக்காரர்கள் இதையே ‘சிருங்கவேர’ ஆக்கி, ‘கொம்பு போன்ற உடல்’ என்று பொருளும் சொல்லிவிட்டார்கள். கிழங்கைப் பார்த்தால் கொம்பு மாதிரிதான் இருக்கிறது, ஆனால் அது பிற்பாடு கட்டிய கதை. (தாவரவியலாரைக் கேட்டால் இஞ்சி வேரே இல்லை, மண்ணுக்குள் கிடக்கும் தண்டு என்பார்கள். அந்தச் சண்டை இன்னொரு நாளைக்கு.)

அப்புறம் முடி. 1785இல் முதற்பதிப்பு கண்ட பிரான்சிஸ் குரோஸின் ஆங்கிலக் கொச்சைச் சொல் அகராதியைப் புரட்டுங்கள். ‘இஞ்சி மண்டை’ என்பதற்குச் செம்பட்டை முடிக்காரன் என்று பொருள் தந்துவிட்டு, இது சேவல் சண்டைக் களத்திலிருந்து வந்த பேச்சு, அங்கே சிவப்புச் சேவலை ‘ஜிஞ்சர்’ என்பார்கள் என்கிறார். சேவலின் கழுத்து இறகிலிருந்து ஆளின் தலைக்கு ஏறிய பெயர். அதுவும் மரியாதைப் பெயரில்லை, கேலி. இங்கிலாந்துப் பள்ளிக்கூடங்களில் செம்பட்டை முடிப் பிள்ளைகளை இன்றும் அதைச் சொல்லிச் சீண்டுகிறார்கள். நாம் செவலை என்று மாட்டையும் நாயையும் கூப்பிடுகிறோம். பக்கத்து வீட்டுப் பையனை அப்படிக் கூப்பிட்டால் அவன் அம்மா சும்மா விடுவாளா?

இந்தப் பெயர் சூட்டு விழாவுக்குத் தமிழனைத் தலைமை தாங்கச் சொல்கிறீர்கள். வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அது போகட்டும். விருதுநகரில் உட்கார்ந்துகொண்டு, இஞ்சி எங்கள் சொல் என்று மார்தட்டிக்கொண்டே, அதென்ன ‘ஜிஞ்சர் டீ’?