பந்து வீசாதவர் எப்படிப் பந்துவீச்சுப் பயிற்சியாளர் ஆனார்?

பேஸ்பாலில் பந்து வீசுபவர்களைத் தயார் செய்பவர்தான் 'பிட்சிங் கோச்'. அமெரிக்காவின் டேவ் டங்கன் இந்த வேலையில் பெரிய பெயர். ஆனால் ஆடிய காலத்தில் அவர் கேட்சர். 1972இல் ஓக்லண்ட் அணியோடு வேர்ல்ட் சீரிஸ் (அமெரிக்க பேஸ்பாலின் ஆண்டு இறுதித் தொடர்) வென்றவர். பேட்டிங் சராசரி வெறும் .214, சுமார்தான்.

கேட்சர் மட்டையாளருக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். அடுத்து என்ன பந்து என்று தொடைகளுக்கு நடுவே விரலால் சைகை காட்டுவது அவர்தான். எந்த மட்டையாளர் எதில் ஏமாறுகிறார், வீசுபவரின் கை எப்போது தளர்கிறது, எல்லாம் அவர் கண்ணெதிரே நடக்கும். லாரி கிளீனரை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்டியரிங்கைத் தொடாமலே, டிரைவருக்கு எப்போது கண் சொக்கும் என்று அவருக்குத் தெரியும்.

1986இல் வேறொரு அணி கழற்றிவிட்ட பந்துவீச்சாளர் டேவ் ஸ்டூவர்ட் ஓக்லண்டுக்கு வந்தார். ஃபோர்க்பாலை, அதாவது இரு விரலுக்கு நடுவே பிடித்து வீசும், மட்டையாளர் அருகே சட்டென்று கீழிறங்கும் பந்தை, தைரியமாக வீசச் சொன்னார் அங்கே பிட்சிங் கோச்சாக இருந்த டங்கன். 1987 முதல் 1990 வரை நான்கு சீசனிலும் வீசுபவராக ஸ்டூவர்ட்டின் கணக்கில் 20 வெற்றி அல்லது அதற்கு மேல்! டங்கனிடம் பயின்ற நால்வர் சிறந்த பந்துவீச்சாளருக்கான சை யங் விருதும் வாங்கினார்கள். அப்புறம் 1989, 2006, 2011 என்று பயிற்சியாளராக மூன்று வேர்ல்ட் சீரிஸ்.

'கோச்' என்றதும் கிரிக்கெட் மாதிரி அணிக்கே தலைமைப் பயிற்சியாளர் என்று பலர் நினைக்கிறார்கள். பேஸ்பாலில் அந்தப் பொறுப்பு 'மேனேஜருடையது', கோச்கள் அவருக்குக் கீழேதான்.