இரண்டு நாய்களோடு சென்னையிலிருந்து தென்காசிக்கு டிரெய்லர் இழுத்துக்கொண்டு போக முடியுமா?

போகலாம். போன வருடம் ஆடியில் நானும் என் வீட்டுக்காரியும் போய்விட்டு வந்தோம். ஒரே நாளில் போய்ச் சேரக்கூடிய தூரம்தான், ஏறக்குறைய 630 கிலோமீட்டர். எங்களுக்கு நாலு நாள் ஆனது. அவசரப்பட ஒன்றுமில்லை. எனக்கு 63 வயது, பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 34 வருடம் ரயில் பெட்டி கட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். அவள் பள்ளி ஆசிரியை, அவளும் ஓய்வுதான்.

'ரயிலில் கூட்டிப்போக முடியாதா, உறவினர் வீட்டில் நாய்களைச் சேர்ப்பார்களா' என்றும் கேட்டிருக்கிறீர்கள். ரயில் கட்டிய எனக்கே ரயில் ஒத்துவரவில்லை. முதல் வகுப்பு ஏசியில் கூபேயை, அதாவது இரண்டு பேர் படுக்கும் தனி அறையை, முழுசாக எடுத்தால் நாயைக் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கடைசியில் இருக்கும் நாய்ப் பெட்டியில்தான் போட வேண்டும். அந்தப் பெட்டியின் அளவு எனக்குத் தெரியும். அதில் எங்கள் நாய் சிங்கத்தைப் போட மனசு வராது.

உறவினர் விஷயம் அதைவிடச் சிக்கல். என் மனைவியின் அக்கா வீடு இலஞ்சியில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவில். பூஜை அறை, மடி, ஆசாரம் எல்லாம் உள்ள வீடு. நாய் வாசற்படி தாண்டக் கூடாது. அதை நான் தப்பென்று சொல்ல மாட்டேன், அது அவர்கள் வீடு. ஆனால் இந்த ஒரு காரணத்தால் ஆறு வருடமாக நாங்கள் இருவரும் சேர்ந்து எந்த ஊருக்கும் போகவில்லை. ஒருவர் கல்யாணத்துக்குப் போனால் மற்றவர் வில்லிவாக்கத்தில் நாய்க்குக் காவல். அப்போதுதான் நண்பர் ஒருவர் தன்னிடம் சும்மா கிடந்த சின்ன டிரெய்லரைத் தருகிறேன் என்றார். இரண்டு சக்கரம், உள்ளே இரண்டு பேர் படுக்க மெத்தை, பின்பக்கக் கதவைத் தூக்கினால் அடுப்பு மேடை. நாம் போகிற இடமெல்லாம் நம் வீடும் வரும், ராத்திரி அதற்குள் நம் நாய் படுக்கும், யார் வாசற்படியும் தாண்ட வேண்டாம்.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டிரெய்லரும் சட்டப்படி வாகனம்தான், அதற்குத் தனிப் பதிவு எண் வேண்டும். நண்பர் அதெல்லாம் ஒழுங்காகச் செய்து வைத்திருந்தார். பட்டறையில் நாலு இரும்பைப் பற்ற வைத்து, காரின் எண்ணையே பின்னாலும் எழுதிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள்.

நாய்களைப் பற்றி. சிங்கம் ராஜபாளையம் இனம், வெள்ளை, மூக்கு ரோஜா நிறம். இந்த இனத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் நிறையப் பிறக்கும். இவனும் அப்படித்தான், கை ஜாடைக்குத்தான் திரும்புவான். பொட்டு தெருவில் எடுத்த நாட்டு நாய், நெற்றியில் கறுப்புப் பொட்டு. லாரிக்காரர் ஏர் ஹாரன் அடித்தால் பொட்டு சீட்டுக்கு அடியில் நுழைந்து நடுங்குவாள். சிங்கம் அவள் மேல் காலைப் போட்டுத் தூங்குவான். 630 கிலோமீட்டரும் இதே கதைதான்.

கிளம்புவதற்கு முன்னால் வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்குப் போய் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டு அட்டையை வாங்கிக்கொண்டோம். அதன் நகல் ஒன்று போனில், ஒன்று டேஷ்போர்டில். வண்டி ஓடும்போது நாய்கள் டிரெய்லருக்குள் இருக்கவே கூடாது. உள்ளே காற்றோட்டம் கிடையாது, என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரியவும் தெரியாது. பொலிரோவின் பின்சீட்டில், மார்வாரில் பெல்ட் கோத்து, ஏசி போட்டுத்தான் கூட்டிப்போனோம். கிளம்புவதற்கு நாலு மணி நேரம் முன்னாலேயே சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும், தண்ணீர் மட்டும் கொடுக்கலாம். முதல் நாள் நான் இரக்கப்பட்டு ஒரு இட்லி கொடுத்தேன். அது செங்கல்பட்டு தாண்டுவதற்குள் சீட் கவருக்கு வந்துவிட்டது.

காலை நாலரைக்குக் கிளம்பி பத்தரை மணிக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுவோம். அதுதான் எங்கள் கணக்கு. நாய்க்கு வியர்த்து உடம்பு ஆறாது, மூச்சிரைத்துத்தான் ஆற வேண்டும். நிழலில்லாத இடத்தில் மூடிய காரின் உள்ளே பத்தே நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். "டீ குடிச்சிட்டு வந்துடலாம்" என்று இரண்டு பேரும் இறங்கிப் போகும் பேச்சே கிடையாது. ஒருவர் குடித்துவிட்டு வந்த பிறகுதான் அடுத்தவர். தாரில் நடக்க விடுவதற்கு முன் புறங்கையை ஐந்து விநாடி தரையில் வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

முதல் நாள் ஜி.எஸ்.டி. சாலையில் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி என்று ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் ஒரு பஞ்சாயத்து. ஒருவர் ஐஸ்கிரீம் வண்டியா என்றார். இன்னொருவர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "உள்ள யாராச்சும் இருக்காங்களா சார்?" என்று ரகசியமாகக் கேட்டார். திண்டிவனத்துக்குப் பக்கத்தில் ஓரமாக நிறுத்தி, பின்கதவைத் தூக்கி எங்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தோம். பைக்கில் வந்த இரண்டு பேர் இறங்கி, "ரெண்டு டீ, ஒண்ணு சக்கரை கம்மி" என்றார்கள். என் மனைவி காபிதான் இருக்கிறது என்று சொல்லிக் கொடுத்தே அனுப்பினாள். காசு வாங்கவில்லை, வாங்கியிருக்கலாம்.

அன்று இரவு உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே ஒரு பெட்ரோல் பங்க். டீசல் நிரப்பிவிட்டு, இரவு நிறுத்திக்கொள்ளலாமா என்று மேலாளரிடம் கேட்டோம். லாரிகள் நிற்கும் பக்கத்தில் வேண்டாம், காற்றடிக்கும் இடத்துக்கு எதிரே நிறுத்துங்கள், விளக்கு இருக்கும் என்று அவரே இடம் காட்டினார். மறுநாள் திருச்சி கே.கே. நகரில் என் அண்ணன் மகன் வீடு. அதற்கு அடுத்த நாள் மதுரை திருநகரில் தம்பி வீடு. இரண்டு இடத்திலும் நல்ல சாப்பாடு, நல்ல தூக்கம், பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நடுவில் விராலிமலையில் மயிலைப் பார்த்து சிங்கம் இழுத்த இழுப்பில் என் தோள்பட்டை பிசகியதைச் சொல்லலாம். வேட்டை நாய் வேட்டை நாய்தான். மயில் இருக்கிற ஊரில் சங்கிலியை இரண்டு சுற்றாகக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நான் சுற்றியிருந்தேன்.

வேகத்தடைகளைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. கார் ஏறி இறங்கியதும் பழக்கத்தில் கால் ஆக்சிலரேட்டரை மிதிக்கும். பின்னால் டிரெய்லரின் சக்கரம் அப்போதுதான் தடையில் ஏறும். தடால்! திருச்சியில் கொடுத்தனுப்பிய வத்தக்குழம்பு மெத்தை முழுவதும்.

நாலாம் நாள்தான் விஷயம். திருமங்கலத்தில் திரும்பி, ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிக்கொண்டு, ராஜபாளையத்தில் ஒரு டீக்கடையில் நின்றோம். சிங்கத்தைச் சுற்றி ஐந்தாறு பேர் கூடிவிட்டார்கள். தபால்தலையிலேயே 2005இல் ராஜபாளையம் நாயைப் போட்டார்கள், ஆனால் அந்த ஊரில் அதைத் தபால்தலை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. ஒரு பெரியவர் எதுவும் கேட்காமல் குந்தி உட்கார்ந்து அவன் உதட்டை விலக்கிப் பார்த்தார், மூக்கைப் பார்த்தார், பின்னால் போய் ஒரு தரம் கை தட்டினார். சிங்கம் திரும்பவில்லை. "சாதி சுத்தம்தான். காது போச்சு, பாவம்" என்றார். பிறகு டிரெய்லருக்குள் எட்டிப் பார்த்து, "மெத்தையிலயா படுக்கப் போடுதீய?" என்று என் மனைவியைக் கேட்டார். அவள் பதில் சொல்லவில்லை.

புளியங்குடி தாண்டியதும் காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது தென்காசிப் பக்கம் பழமொழி இல்லை, வானிலை அறிக்கை. செங்கோட்டைக் கணவாய் வழியாக மலையைத் தாண்டி வரும் காற்று வலப்பக்கத்திலிருந்து அறைந்தது. அதே நேரம் ஒரு பேருந்து எங்களை முந்தியது. டிரெய்லரின் வால் இடது பக்கம் போனது, வலது பக்கம் வந்தது, மறுபடி இடது பக்கம், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக. கண்ணாடியில் அது வருவதையும் போவதையும் பார்க்கிறேன். ஸ்டியரிங் கையில் உயிருள்ள மீன் போல் துடிக்கிறது. பிரேக் அடிக்கக் கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பி அதைச் சரிசெய்யப் பார்க்கவும் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். அறுபதிலிருந்து நாற்பதுக்கு வந்ததும் தானாக அடங்கியது. ஓரங்கட்டினேன். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் பேசவில்லை.

மூன்று நாள் ஆடாத வண்டி அன்றைக்கு ஏன் ஆடியது? காற்று பாதிக் காரணம், மீதிக்குக் காரணம் நான். மதுரையில் தம்பி மனைவி 25 கிலோ அரிசி மூட்டை கொடுத்தாள். பின்கதவு பக்கம்தான் வசதி என்று அங்கேயே ஏற்றினேன். ஏற்கெனவே அங்கே இரண்டு இருபது லிட்டர் தண்ணீர் கேன். "ஏங்க, எல்லாத்தையும் வாலுக்கே ஏத்துறீங்களே" என்று என் மனைவி அன்று காலையிலேயே சொன்னாள். டிரெய்லரின் மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முன்னால், காரோடு மாட்டும் கொக்கியின் மேல் உட்கார வேண்டும். வால் கனத்தால் கொக்கியைத் தூக்கும், பிறகு கொஞ்சம் காற்று போதும். கிளம்பும்போது குளியலறை எடைப் பொறியைக் கொக்கிக்கு அடியில் வைத்து அளந்து பார்த்தவன் நான்தான், மூட்டை ஏற்றிய பிறகு அளக்கவில்லை. மூட்டையையும் கேன்களையும் சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தினோம். அதற்குப் பிறகு இலஞ்சி வரை அதே காற்றுதான், வண்டி ஆடவில்லை.

இலஞ்சியில் அக்கா வீட்டுத் தெருவில் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, அந்தப் பக்கம் முட்டுத்தெரு. வாசலுக்குள் ரிவர்ஸில்தான் ஏற்ற வேண்டும். டிரெய்லரோடு ரிவர்ஸ் என்பது, ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் பெட்டி வலது பக்கம் போகிற வித்தை. ஆறு தடவை முயன்றேன். ஆறு தடவையும் பெட்டி மடங்கிக் காரை முட்ட வந்தது. தெருவே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. சகலை முன்னால் நின்று "வரட்டும் வரட்டும்" என்கிறார், அவருக்கும் எந்தப் பக்கம் என்று தெரியாது. நாய்கள் இரண்டும் குரைக்கின்றன.

பக்கத்து வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த ஒரு பையன், இருபத்தைந்து வயதிருக்கும், சேற்றுக் காலோடு வந்தான்.

"அண்ணாச்சி, ஸ்டியரிங்க மேல பிடிக்காதீய. கீழ பிடிங்க. பெட்டி எந்தப் பக்கம் போணுமோ, கைய அந்தப் பக்கம் தள்ளுங்க. அவ்வளவுதான்."

கீழே பிடித்தேன். வலது பக்கம் தள்ளினேன். பெட்டி வலது பக்கம் போனது.

"மெதுவா. இது குட்டைப் பெட்டி, சட்டுனு மடங்கும். எங்க டிரெய்லர் நீளம், அது பொறுமையாத் திரும்பும். இதுக்குக் கொஞ்சங் கொஞ்சமா தள்ளணும். மடங்குனா அடம் பிடிக்காதீய, முன்னால போய் நேராக்கிட்டு திரும்ப வாங்க."

இரண்டாவது முயற்சியில் உள்ளே ஏற்றிவிட்டேன். 34 வருடம் பெட்டிக்குப் பெட்டி மாட்டியவனுக்குப் பெட்டியைப் பின்னால் தள்ள அந்தப் பையன் கற்றுக்கொடுத்தான். அதனால் உங்களுக்கு என் முதல் அறிவுரை: யூடியூப் பார்க்காதீர்கள், அறுவடை முடிந்த வயல் இருக்கும் ஊருக்குப் போய் டிராக்டர்காரர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பழகிக்கொள்ளுங்கள்.

அன்று இரவு வேறு ஒரு சண்டை. நாங்கள் டிரெய்லரில் படுக்கப்போகிறோம் என்றதும் அக்காவுக்குக் கோபம். "வீட்டுக்கு வந்துட்டு வாசல்ல படுத்தா, சோறு போடலையான்னு ஊர் கேக்காதா?" என் மனைவி, "நாய் தனியா இருக்காதுக்கா" என்றாள். "அப்ப நான் தனியா இருப்பேனா?" அக்கா வீட்டுக்காரரை வைத்துக்கொண்டு கேட்ட கேள்வி அது. கடைசியில் என் மனைவி உள்ளே அக்காவோடு படுத்தாள், நான் இரண்டு நாயோடு டிரெய்லரில். ராத்திரி முழுக்கச் சாரல், தகரக் கூரையில் சத்தம். பொட்டு என் கக்கத்துக்குள், சிங்கம் குறுக்கே. எனக்கு அரையடி மெத்தைதான் மிச்சம். ஐந்து நாள் அப்படியே. மூன்றாம் நாளிலிருந்து அக்கா பழைய சோற்றில் மோர் ஊற்றி ஒரு சட்டியில் வெளியே வைத்தாள். வாசற்படி தாண்ட விடவில்லை, அது வேறு.

ஊர்ப்பக்கம் போனால் தினமும் மாலையில் காதுக்குள்ளும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி பாருங்கள். வயலில் ஒரு நாள் ஓட விட்டதற்குப் பொட்டின் உடம்பிலிருந்து பதினொன்று எடுத்தோம். டீசல் கணக்கும் கேட்டிருந்தீர்கள்: பதினாலு கொடுக்கும் பொலிரோ, டிரெய்லரோடு பத்துதான் கொடுத்தது. விடுதிச் செலவு இல்லாததால் கணக்கு சரிக்குச் சரி.

திரும்பி வரும்போதும் நாலு நாள்தான், வால் பக்கம் ஒன்றும் ஏற்றவில்லை. டிரெய்லரை நண்பரிடம் ஒப்படைத்து ஒரு மாதம் கழித்து அவர் போன் செய்தார். மெத்தையை இரண்டு தரம் வெயிலில் காயப் போட்டும் வத்தக்குழம்பு வாசம் போகவில்லையாம், வெள்ளை முடியும் வந்துகொண்டே இருக்கிறதாம். அரைக் கிலோ பால்கோவா கொடுத்திருந்தேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.