பல்லியின் குளிரும் எலியின் குளிரும்: அறிவியல் கேள்வி-பதில்

மார்கழிக் குளிரில் எங்கள் வீட்டுச் சுவரில் பல்லிகள் அசைவின்றி ஒட்டிக்கிடக்கின்றன. அதே நாட்களில் தானிய அறை எலிகளோ வழக்கத்தைவிட அதிகமாகத் தின்கின்றன. ஒரே குளிர் இரண்டு உயிர்களிடம் எதிரெதிராக வேலை செய்வது எப்படி?
(வாசகர், ஏற்காடு)

உணவைச் சிதைத்து ஆற்றலைப் பெறுவதும், அந்த ஆற்றலைக் கொண்டு உடலைக் கட்டி இயக்குவதுமான வேதிவினைகள் அனைத்தையும் சேர்த்தே வளர்சிதை மாற்றம் என்கிறோம். அதன் வேகத்தை, உயிரி எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனைக் கொண்டோ, வெளியிடும் வெப்பத்தைக் கொண்டோ அளக்கலாம். 1782-83 குளிர்காலத்தில் பாரிசில் பிரெஞ்சு அறிவியலாளர்களான லவாசியேவும் லாப்லாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலத்துக்குள் வைத்து, உருகி வடிந்த நீரை எடைபோட்டு, அந்தப் பிராணி வெளியிட்ட வெப்பத்தைக் கணக்கிட்டார்கள். சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதலே என்ற கருத்துக்கு அளவீட்டு ஆதாரம் அப்போதுதான் கிடைத்தது.

இனி உங்கள் பல்லிக்கு வருவோம். அதன் உடல் வெப்பநிலை, சுற்றியுள்ள சுவரையும் காற்றையும் பெரும்பாலும் ஒத்தே இருக்கும். உடலின் வேதிவினைகளை நடத்தும் நொதிகள், தாங்கக்கூடிய எல்லைக்குள், வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் உயரும்போது ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு வேகமாகச் செயல்படுகின்றன. ஆகவே 30 டிகிரியில் சுறுசுறுப்பாகப் பூச்சி பிடித்த பல்லிக்கு 20 டிகிரியில் வளர்சிதை மாற்ற வீதம் பாதியாகவோ மூன்றிலொரு பங்காகவோ குறைந்துவிடுகிறது. தசை மெதுவாகச் சுருங்குகிறது, செரிமானம் தாமதமாகிறது, பசியும் அடங்குகிறது.

எலியின் நிலை வேறு. வெளியே எந்தக் குளிராக இருந்தாலும் அது தன் உடலை 37 டிகிரியை ஒட்டியே வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு பாலூட்டிக்கும் வெப்பத்துக்கென்று தனிச் செலவு தேவைப்படாத ஒரு வெப்பநிலை வரம்பு உண்டு. சுண்டெலிக்கு அது 30 டிகிரியை ஒட்டி அமைகிறது. நமக்கு இதமாகத் தோன்றும் 22 டிகிரி அறைகூட சுண்டெலிக்குக் குளிர்ப் பிரதேசம்தான். அதற்குக் கீழே இறங்கும் ஒவ்வொரு டிகிரிக்கும் அது கூடுதலாக எரிக்க வேண்டும். எரிப்பதற்குத் தின்ன வேண்டும். உங்கள் தானியம் குறைவதற்குக் காரணம் இதுவே.

இந்த வரம்பு எல்லாப் பாலூட்டிகளுக்கும் ஒன்றல்ல. 1950-இல் உடலியங்கியல் அறிஞர் ஷோலாண்டரும் அவருடைய சகாக்களும், அலாஸ்காவின் வடகோடியிலுள்ள பாயின்ட் பாரோவில் வாழும் விலங்குகளையும் பனாமாவின் வெப்பமண்டல விலங்குகளையும் ஒப்பிட்டு வெளியிட்ட ஆய்வுகள் இன்றும் படிக்கத் தகுந்தவை. வெப்பமண்டல விலங்குகள் பல, வெப்பநிலை இருபதுகளுக்கு இறங்கியதுமே ஆற்றல் செலவைக் கூட்டத் தொடங்கின. ஆர்க்டிக் நரியோ சுழியத்துக்குக் கீழே 40 டிகிரிக்கு அருகில் வரும்வரை பெரிதாகச் சட்டை செய்யவில்லை. அதன் அடர்ந்த ரோமம் வெப்பத்தை வெளியே விடாததால், குளிருக்காகத் தனியே எரிக்க வேண்டிய அவசியம் அதற்கு அரிதாகவே நேர்கிறது.

பல்லியைத் தாழ்ந்ததாகவும் எலியை உயர்ந்ததாகவும் கருதும் பழக்கம் நம் பாடநூல்களில்கூட உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓய்வில் இருக்கும்போது, ஒரே எடையுள்ள ஊர்வனவற்றைவிடப் பாலூட்டி ஐந்து முதல் பத்து மடங்கு ஆற்றலைச் செலவிடுகிறது. எலி குளிரிலும் ஓடியாட அந்த விலையைக் கொடுக்கிறது; பல்லி அதைக் கொடுக்க மறுத்து, நாட்கணக்கில் பட்டினி கிடக்கும் வசதியைப் பெறுகிறது.

யானை இவ்வளவு தின்கிறதே. ஆற்றலை அதிகம் செலவிடும் உயிரி அதுதானா?
(வாசகி, கூடலூர்)

தரைவாழ் விலங்குகளுள், மொத்தக் கணக்கில் ஆம். கிராம் கணக்கில் இல்லை. மாக்ஸ் கிளைபர் என்ற சுவிட்சர்லாந்தில் பிறந்த அறிஞர் 1932-இல் கலிஃபோர்னியாவிலிருந்து வெளியிட்ட கணிப்பின்படி, ஓய்வுநிலை வளர்சிதை மாற்ற வீதம் உடல் எடையின் முக்கால் அடுக்குக்கு ஏற்ப உயர்கிறது; அதாவது எடை 16 மடங்கானால் வீதம் 8 மடங்குதான் ஆகிறது. 20 கிராம் சுண்டெலியைவிட 4 டன் யானை இரண்டு லட்சம் மடங்கு கனமானது. அதன் ஆற்றல் செலவோ இந்த விதிப்படி ஒன்பதாயிரத்து ஐந்நூறு மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே வரும். அதாவது யானையின் ஒரு கிராம் திசுவைவிட சுண்டெலியின் ஒரு கிராம் திசு ஏறத்தாழ இருபது மடங்கு வேகமாக எரிகிறது. அடுக்கு முக்கால்தானா, மூன்றில் இரண்டா என்ற விவாதம் அறிஞர்களிடையே இன்னும் ஓயவில்லை.

கரடி பல மாதங்கள் உண்ணாமல் உறங்குகிறது என்கிறார்கள். உடல் குளிர்வதால்தான் அதன் செலவு குறைகிறதா?
(கல்லூரி மாணவர், மதுரை)

நல்ல கேள்வி; ஏனெனில் இதற்கான விடை பல்லிக்குச் சொன்ன விடையிலிருந்து விலகுகிறது. அலாஸ்காவில் கருங்கரடிகளைக் குளிர்கால உறக்கத்தின்போது கண்காணித்து 2011-இல் வெளியிட்ட ஆய்வில், அவற்றின் உடல் வெப்பநிலை 30 முதல் 36 டிகிரி வரை மட்டுமே இறங்கியிருந்தது. வளர்சிதை மாற்ற வீதமோ வழக்கமான ஓய்வுநிலை அளவில் நான்கிலொரு பங்காகச் சரிந்திருந்தது. இவ்வளவு சிறிய குளிர்ச்சி, இவ்வளவு பெரிய சரிவை விளக்காது. மேலும், உறக்கம் கலைந்து உடல் வெப்பம் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகும் வீதம் சில வாரங்கள் தாழ்ந்தே இருந்தது. ஆகவே கரடியின் உடல் தன் வினைகளைத் தானே அடக்கி வைக்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

சிறிய உறங்கிகள் இதைவிடத் துணிச்சலானவை. ஆர்க்டிக் தரையணிலின் உடல் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 2.9 டிகிரி வரை இறங்கியதை 1989-இல் பதிவு செய்தார்கள். ஆனால் அது சில வாரங்களுக்கு ஒருமுறை தன்னைப் பழைய சூட்டுக்கு ஏற்றிக்கொண்டு, ஒரு நாளுக்கும் குறைவாக அப்படியே இருந்துவிட்டு மீண்டும் குளிர்கிறது. குளிர்காலம் முழுவதற்குமான கொழுப்பில் பெரும்பகுதி இந்தச் சிறு இடைவேளைகளிலேயே கரைகிறது. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில் வாழும் ஹம்மிங் பறவைகள் இதே உத்தியை ஒவ்வோர் இரவும் கையாள்கின்றன. அவற்றுள் ஓர் இனத்தின் உடல் வெப்பநிலை இரவில் 3.3 டிகிரி வரை தாழ்ந்ததாக 2020-இல் வெளியான அளவீடு கூறுகிறது. பகல் முழுவதும் தேன் குடித்தும் இரவைத் தாண்டப் போதிய சேமிப்பு இல்லாத அவ்வளவு சிறிய உடலுக்கு வேறு வழியில்லை.

குளிர்ந்த நீர் குடித்தால் வளர்சிதை மாற்றம் கூடி உடல் இளைக்குமா?
(வாசகி, கோயம்புத்தூர்)

கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 டிகிரி குளிருள்ள ஒரு லிட்டர் நீரை 37 டிகிரிக்குச் சூடாக்க 32 கிலோகலோரி போதும். அது ஓர் இட்லிக்குக்கூட ஈடாகாது. விளம்பரங்கள் இந்தக் கணக்கைக் காட்டுவதில்லை.

எங்கள் குளத்தில் கட்லாவும் ரோகுவும் வளர்க்கிறோம். கோடையில், குறிப்பாக மேகமூட்டமான நாட்களுக்கு மறுநாள் விடியலில், மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன; சில இறந்தும் மிதக்கின்றன. நீரில் நஞ்சு கலந்திருக்குமா?
(மீன் வளர்ப்பவர், ஒரத்தநாடு)

நீங்கள் விவரிக்கும் அறிகுறிகள் பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறையையே சுட்டுகின்றன. பல்லியைப் போலவே மீனின் உடலும் நீரின் வெப்பத்தை ஏற்கிறது. நீர் சூடாகும்போது அதன் ஆக்சிஜன் தேவை கூடுகிறது. ஆனால் சூடான நீர் குறைந்த ஆக்சிஜனையே கரைத்து வைத்திருக்கும். நன்னீர் 20 டிகிரியில் லிட்டருக்கு 9.1 மில்லிகிராம் வரை ஏற்கும். 30 டிகிரியில் 7.6 மில்லிகிராம்தான். தேவை உயரும் அதே வேளையில் இருப்பு குறைவதே கோடையின் கொடுமை.

இதன்மேல் இரவு வருகிறது. பகலில் ஆக்சிஜனை வெளியிட்ட நுண்பாசிகள், ஒளி மறைந்ததும் மீன்களைப் போலவே அதை உறிஞ்சத் தொடங்குகின்றன. குளத்தடியில் எஞ்சிய தீவனத்தையும் சாணத்தையும் சிதைக்கும் பாக்டீரியாக்களும் சூட்டில் வேகமெடுக்கின்றன. அதனால் விடியலுக்குச் சற்று முன்புதான் ஆக்சிஜன் மிகக் குறைந்திருக்கும். முந்தைய பகல் மேகமூட்டமாக இருந்தால், இரவு தொடங்கும்போதே இருப்பு குறைவு.

அத்தகைய நாட்களில் தீவனத்தைக் குறையுங்கள். மாலைத் தீவனத்தை அறவே நிறுத்துவது நல்லது. மீன் உண்டதைச் செரிப்பதற்கே கூடுதல் ஆக்சிஜன் வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் கருவி இருந்தால் நள்ளிரவுக்குப் பின் தொடங்கி, வெயில் ஏறும்வரை ஓடவிடுங்கள். இல்லையென்றால் மோட்டார் நீரை உயரத்திலிருந்து சிதறி விழுமாறு பாய்ச்சுங்கள். கோடை முடியும்வரை சாண உரத்தைக் குறைத்தே இடுங்கள். இவற்றுக்குப் பிறகும், நண்பகலில்கூட மீன்கள் இறந்தால், அப்போது நஞ்சைச் சந்தேகித்து நீரைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.