பாதியில் நிறுத்தப்பட்ட டோபுடமின் பரிசோதனை

கேள்வி: என் தாயாருக்கு வயது 64. சர்க்கரை நோயும் மூட்டுத் தேய்மானமும் உண்டு. வேகமாக நடக்க முடியாததால் டி.எம்.டி.க்குப் (ஓடும் பட்டையில் நடக்கவைத்து இதயத்தைச் சோதிப்பது) பதிலாக டோபுடமின் மருந்தைச் செலுத்தி எக்கோ (ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேன்) பார்த்தார்கள். நடுவில் இதயத் துடிப்பு தாறுமாறானதால் பரிசோதனையை நிறுத்திவிட்டு, ஆஞ்சியோகிராம் செய்யச் சொல்கிறார்கள். அந்த மருந்து இதயத்தைக் கெடுத்துவிட்டதோ என்று அஞ்சுகிறோம்.

பதில்: துடிப்பு உடனே சீராகி, அதன்பின் தங்கள் தாயாருக்கு நெஞ்சு வலியோ மூச்சுத் திணறலோ இல்லையென்றால், மருந்து இதயத்துக்கு நிலையான கேடு எதையும் செய்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. டோபுடமின் உடலில் செலுத்தப்பட்ட அளவு 2 நிமிடத்துக்குள் பாதியாகிவிடும் என்பதால், செலுத்துவதை நிறுத்தியதும் அதன் விளைவும் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

வேகமாக மாடிப்படி ஏறும்போது அட்ரினலின் செய்யும் வேலையைத்தான் இம்மருந்து படுக்கையில் வைத்தே செய்கிறது. எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் என்று தொடங்கி, 3 நிமிடத்துக்கு ஒருமுறை 10, 20, 30, 40 என்று கூட்டுவார்கள். 220-லிருந்து வயதைக் கழித்துவரும் எண்ணில் 85 விழுக்காட்டைத் துடிப்பு எட்ட வேண்டும். தங்கள் தாயாருக்கு அது ஏறக்குறைய 133. இதய இரத்தக் குழாயில் அடைப்பு இருந்தால், அந்த வேகத்துக்கு வேண்டிய இரத்தம் கிடைக்காத பகுதியின் சுவர் சரியாகச் சுருங்காது; எக்கோவில் தேடுவது அதைத்தான். ஆனால் அதே மருந்து இதயத்தின் மின்னோட்டத்தையும் தூண்டுவதால், இடையிடையே தப்புத் துடிப்புகள் வருவது சாதாரணம். இதயத்தின் கீழறையிலிருந்து சில வேகத் துடிப்புகள் தொடர்ந்து வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவதுதான் முறை. தங்கள் தாயாருக்குச் செய்ததும் அதுவாகவே இருக்கும்.

ஆபத்தே இல்லாத பரிசோதனை என்று நான் சொல்லமாட்டேன். அடங்காத கீழறை வேகத் துடிப்பு, மாரடைப்பு, இதயத் தசை திடீரெனத் தளர்ந்து பலூன்போல் விரியும் டகோட்சுபோ பாதிப்பு ஆகியவை அரிதாக நேர்ந்திருக்கின்றன. ஓய்விலேயே நெஞ்சு வலி வருபவர்களுக்கும், மாரடைப்பு வந்து ஓரிரு நாளே ஆனவர்களுக்கும் இதைச் செய்யக்கூடாது என்பதும், இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவியும் டோபுடமினை முறிக்கும் பீட்டா பிளாக்கர் ஊசியும் அருகிலேயே இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

இனி ஆஞ்சியோகிராம் பற்றி. துடிப்பு தாறுமாறானது மட்டும் அதற்குப் போதிய காரணமாகாது. அந்த நேரத்தில் இதயச் சுவர்கள் எப்படிச் சுருங்கின என்பதே முக்கியம். ரிப்போர்ட்டில் ஏதேனும் ஒரு பகுதி புதிதாகச் சுருங்கத் தவறியதாக எழுதியிருந்தால், ஆஞ்சியோகிராம் யோசனை முற்றிலும் நியாயமானது, தயங்கவேண்டாம். சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே தெரியாமல் அடைப்பு இருக்கலாம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். எல்லாச் சுவர்களும் நன்றாகச் சுருங்கி, துடிப்பு மட்டுமே தவறியிருந்தால், இரத்தத்தில் பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளைப் பார்த்துவிட்டு, சி.டி. ஆஞ்சியோகிராமோ (இதயம்வரை குழாய் நுழைக்காமல் சி.டி. ஸ்கேனில் பார்ப்பது), இதய இரத்தக் குழாய்களை விரிக்கும் அடினோசின் மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனோ போதுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். அடினோசின் சில நொடிகளில் மறைந்துவிடும். இதயத்தை டோபுடமினைப்போல் விரட்டாது. ஆனால் ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயைச் சுருக்கக்கூடும்; இதயத்தின் மின்னோட்டப் பாதையில் தடை (ஹார்ட் பிளாக்) உள்ளவர்களுக்குத் துடிப்பை மிகவும் குறைத்துவிடும். அதிலும் மாரடைப்பு அரிதாக நேரலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் எச்சரித்தது.

தாங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். இப்பரிசோதனைக்கு முன் மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற பீட்டா பிளாக்கர் மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது என்பதால் அவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம். பரிசோதனை பாதியில் நின்ற பதற்றத்தில் மீண்டும் தொடங்கச் சொல்ல மறந்திருக்கலாம். திடீரென நிறுத்தப்பட்ட அம்மாத்திரையே நெஞ்சு வலியையும் படபடப்பையும் தூண்டக்கூடும். தங்கள் தாயார் அதைச் சாப்பிட்டுவந்தவரென்றால், எப்போது தொடங்குவது என்று இன்றே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். இடையில் நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல், அடங்காத படபடப்பு எது வந்தாலும், ஆஞ்சியோகிராமுக்குக் குறித்த நாள்வரை காத்திராமல் உடனே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.