வறட்சியில் மூன்று, நான்கு மாடுகளைக் குறைந்த செலவில் தீனி போட்டுக் காப்பாற்றுவது எப்படி?

முதலில் கணக்கு. 300 கிலோ எடையுள்ள கறவை வற்றிய மாட்டுக்கு நாளொன்றுக்கு எடையில் 2 சதவீதம், அதாவது 6 கிலோ உலர்பொருள் (ஈரம் போக மிஞ்சும் தீனி) வேண்டும். வைக்கோலாக வைத்தால் கிட்டத்தட்ட 7 கிலோ. நான்கு மாதத்துக்கு 840 கிலோ; சேதாரத்தையும் சேர்த்து மாட்டுக்கு 950 கிலோ என்று வையுங்கள். கையிருப்பு அதற்குப் பற்றாது என்றால், கிழடானதையும் சினை பிடிக்காததையும் உடம்பில் சதை இருக்கும்போதே விற்றுவிடுங்கள். எலும்பு தெரிந்தபின் விற்றால் விலையும் போச்சு, அதுவரை போட்ட தீனியும் போச்சு.

வெறும் வைக்கோலில் வயிறு நிறையும், ஆனால் மாடு இளைக்கும். அதில் புரதம் 3, 4 சதவீதம்தான். இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஒழுங்காக வேலை செய்யவே 7 சதவீதமாவது வேண்டும். அது இல்லையென்றால் தின்றது உள்ளேயே தங்கும்; மாடும் தீனியைக் குறைத்துக்கொள்ளும். சாணியைப் பார்த்தாலே தெரிந்துவிடும்: வட்டு வட்டாக அடுக்கினாற்போல் கெட்டியாக விழுந்து, விண்டால் நீள நீளமாக நார் வந்தால் புரதமோ தண்ணீரோ குறைவு. அந்த நிலையில் இன்னொரு கட்டு வைக்கோல் வாங்குவது காசுக்குக் கேடு. புரதக் குறையைத்தான் அடைக்க வேண்டும்.

அதற்கு மலிவான வழி யூரியா ஊட்டிய வைக்கோல். 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா, 50 லிட்டர் தண்ணீர். யூரியா ஒரு கட்டிகூட இல்லாமல் கரைய வேண்டும். தரையில் தார்ப்பாய் விரித்து, 10 கிலோ வைக்கோலைப் பரப்பி, 5 லிட்டர் கரைசலைப் பூவாளியால் சீராகத் தெளித்து, காலால் நன்றாக மிதியுங்கள். இப்படியே அடுக்கடுக்காக. கடைசியில் பிளாஸ்டிக் தாளால் மூடி ஓரங்களில் மண் அணைத்து 21 நாள் விடுங்கள். உள்ளே உண்டாகும் அம்மோனியாதான் நாரை இளக்குகிறது; எனவே காற்றுப் போகும் ஓட்டை ஒன்றிருந்தால் மொத்த உழைப்பும் வீண். சரியாக வந்திருந்தால் வைக்கோல் பழுப்பேறி மெத்தென்று இருக்கும், மூக்கில் நெடி ஏறும். நெடியே இல்லாமல் பூஞ்சணம் பிடித்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பகுதியைத் தூக்கி எறியுங்கள், மாட்டுக்கு வேண்டாம்.

மறுநாளுக்கு வேண்டியதை முந்தின மாலையே எடுத்து, நெடி போகப் பரப்பி வையுங்கள். முதல் நாள் கால் பங்கு போட்டு ஒரு வாரத்தில் முழுதாக மாற்றலாம். ஆறு மாதத்துக்கு உட்பட்ட கன்றுக்குக் கூடவே கூடாது. யூரியா சேர்த்த அடர்தீவனம் (தானியம், தவிடு, பிண்ணாக்குக் கலவை) போடுகிறவர்கள் அதை நிறுத்திவிட வேண்டும். மிஞ்சிய கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைப்பதுதான் உயிரைக் குடிக்கும் தவறு. மாடு குடித்துவிட்டால் நடுக்கம், நுரை, வயிறு உப்புசம் மளமளவென்று வரும். கால்நடை மருத்துவரை அழைத்துவிட்டு, மாடு விழுங்கும் நிலையில் இருந்தால் 2 முதல் 4 லிட்டர் வினிகரைக் குளிர்ந்த தண்ணீரில் கலந்து, புரையேறாமல் மெதுவாகப் புகட்டுங்கள்.

இதோடு அரைக் கிலோ பிண்ணாக்கு, 50 கிராம் தாது உப்புக் கலவை, 30 கிராம் சாதாரண உப்பு போட்டால் வற்றிய மாடு தாக்குப்பிடிக்கும். கறவைக்கு இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ அடர்தீவனம் என்ற கணக்கில் கூட்டுங்கள். கன்று போட இரண்டு மாதமே இருக்கும் சினை மாட்டிடம் சிக்கனம் பார்க்காதீர்கள். காய்ந்த தீனியில் வைட்டமின் ஏ இல்லாததால் நாளுக்கு 2, 3 கிலோ மர இலை அவசியம். கிளைரிசிடியா மரத்தின் இலையை ஒரு நாள் வாட்டிப் போட்டால்தான் தின்னும். சூபாபுல் (சவுண்டல்) இலை மொத்தத் தீனியில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மைமோசின் நச்சால் முடி கொட்டும். சோளத்தட்டு போன்ற காய்ந்த தட்டு எதுவானாலும் இரண்டு, மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டித் தொட்டியில் போடுங்கள். தரையில் போட்டால் மிதித்தே பாழாக்கிவிடும். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள்: வற்றிய மாட்டுக்கே நாளுக்கு 40, 50 லிட்டர் ஆகும்.

தண்ணீரில் மிதந்து வளரும் அசோலா, தட்டில் தானியத்தை முளைக்கவைக்கும் மண்ணில்லாத் தீவனம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 2 கிலோ அசோலாவில் தண்ணீர் போக 100 கிராம் சொச்சம்தான் மிஞ்சும். ஒரு கிலோ மக்காச்சோளத்தை முளைக்கவைத்தால் 5, 6 கிலோ பச்சை வரும், உண்மைதான். ஆனால் அதிலுள்ள உலர்பொருள் போட்ட தானியத்தைவிடப் பெரும்பாலும் குறைவு. தண்ணீர் இல்லாத காலத்தில் இதில் காசைப் போடுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கருகி நிற்கும் பயிரை வெட்டிப் போடுமுன் ஒரு எச்சரிக்கை. முழங்கால் உயரத்தில் வாடிய சோளத்தில் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற கொடிய நஞ்சு இருக்கும். நன்றாகக் காயவைத்தால் பெருமளவு குறையும். வாடிய மக்காச்சோளத்தில் இருப்பது நைட்ரேட், அதுவும் மாட்டுக்கு நஞ்சுதான். அது காயவைத்தாலும் போகாது, அடித்தண்டில்தான் சேரும். ஆகவே தரையிலிருந்து 30 சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். மழை பெய்தவுடன் சோளக்கட்டையில் துளிர்க்கும் இளங்குருத்து இன்னும் மோசம். பசித்த மாட்டை அந்தப் பக்கமே அவிழ்த்துவிடாதீர்கள்.